கையேட்டில் இல்லாத வெள்ளிக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஒரு டி.டி.பி. சென்டரில் தமிழ் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் என்று எது வந்தாலும் அடிப்பேன். முதலாளி பெரும்பாலும் வெளியே சுற்றுவார். பகல் முழுக்க ஒரு கம்ப்யூட்டரும் நானும்தான்.

அப்போது எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "பொண்ணு கொஞ்சம் குண்டா கீதே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே வெள்ளிக்கிழமை விரதம் இருக்க ஆரம்பித்தேன். பிறகு செவ்வாய், சனி எல்லாம் சேர்ந்துகொண்டன. அம்மாவுக்கு ஒரே பெருமை. "எம் பொண்ணு மாதிரி பக்தி யாருக்கு வரும்?" என்று நாங்கள் குடியிருந்த மண்ணூர்பேட்டை முழுக்கச் சொல்லிவைத்தாள். அந்த விரதத்தில் சாமிக்குப் பங்கே இல்லை என்பது சாமிக்குத்தான் தெரியும்.

பட்டினி கிடப்பேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பானையிலிருந்தே சோற்றை அள்ளி அள்ளித் தின்பேன். உடனே பயம் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி வந்து உட்காருவேன். ஒரு நாள் பஸ்ஸிலேயே தலை சுற்றி விழுந்தேன். விரதம் என்று சொன்னதும் பயபக்தியோடு எழுந்து சீட் கொடுத்தார்கள். உலகத்திலேயே இந்தக் கேவலம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சுற்றிலும் இத்தனை பேர் இருக்க, ஒருத்தரிடமும் வாயைத் திறக்க முடியாத தனிமை அது.

அந்தச் சமயத்தில்தான் அந்த அக்கா வந்தார். இலங்கைத் தமிழர், லண்டனில் நர்ஸ். முகப்பேரில் இருந்த தங்கையைப் பார்க்க லீவில் வந்தவர், ஒரு கட்டுத் தாளை மேஜையில் வைத்தார். அங்கே நம் பெண்கள் சிலருக்குச் சாப்பாடே நோயாகிவிடுகிறதாம், டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறார்களாம். வீட்டிலேயே படித்துத் தங்களைச் சரிசெய்துகொள்ள இங்கிலீஷில் ஒரு கையேடு இருக்கிறதாம். அதைத் தமிழில் எழுதியிருப்பதாகவும், அடித்துத் தரவேண்டும் என்றும் சொன்னார்.

இரண்டாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. பட்டினி, ஒளிந்து தின்பது, வாந்தி, அவமானம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. என்னை யாரோ மறைந்திருந்து பார்த்த மாதிரி இருந்தது. அழுதுகொண்டே அடித்தேன்.

ஆனால் அடுத்து வந்த யோசனைகள் ஒட்டவில்லை. காலையில் டோஸ்ட், ராத்திரி குடும்பத்தோடு மேஜையில் உட்கார்ந்து சாப்பாடு! எங்கள் வீட்டில் மேஜையே கிடையாது. அப்பாவும் அண்ணனும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சத்தை நானும் அம்மாவும் அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்வோம். டோஸ்டை இட்லி ஆக்கிவிடலாம். இதை என்ன செய்வது?

மறுநாள் புரூஃப் பார்க்க வந்தவரிடம் மெல்லக் கேட்டேன்.

"அக்கா, இதுல விரதத்தப் பத்தி ஒண்ணுமே இல்லியே?"

"விரதமோ? அதுக்கும் இதுக்கும் என்ன?"

"விரதம்னு சொல்லிட்டா யாரும் கேக்க மாட்டாங்கக்கா. எவ்ளோ நாள் வேணாலும் பட்டினி கெடக்கலாம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பிள்ளை, எத்தினை நாளா இப்பிடி?"

அன்று வெள்ளிக்கிழமை. கரண்ட் வேறு போய்விட்டது. ஃபேன் ஓடாத அந்த அறையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கீழே போய் இரண்டு பொட்டலம் தயிர்சாதம் வாங்கிவந்தார். "நானும் சாப்பிடேல்லை. சேர்ந்து சாப்பிடுவம். பிறகு ஒரு மணித்தியாலம் என்னோட இருங்கோ, அவ்வளவுதான்" என்றார்.

சாப்பிட்டேன். ஐந்து நிமிஷத்துக்குள் ஓடிப்போய்க் கக்கிவிட வேண்டும் போல இருந்தது. எழுந்தே விட்டேன். அவர் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. புரூஃபை நீட்டி, "அந்த விரத விஷயத்தை நீங்களே எழுதுங்கோ" என்றார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். 'இந்த விரதம் சாமிக்கா, உங்கள் உடம்பைப் பற்றிய பயத்துக்கா? ஊருக்குச் சொல்லவேண்டாம், உங்களுக்காவது உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள்.' இப்படி நாலு வரியைப் பேனாவால் எழுதித் திருத்துவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. சாதம் வயிற்றிலேயே இருந்தது.

அடுத்த வாரம் அவர் லண்டன் போய்விட்டார். நான் மறுபடி தனி. ஒரு பிரதியைப் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து, அதில் சொன்னபடி என்ன சாப்பிட்டேன், மனசு எப்படி இருந்தது என்று தினமும் எழுதினேன். பல நாள் தோற்றேன். தைரியம் வந்த பிறகு ஒரு டாக்டரிடமும் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு உட்கார்ந்தபோது அம்மா பதறிப்போனாள்.

"இன்னாடி இது, சாமிக்கு ஆவாதுடி!"

"சாமி ஒண்ணும் சொல்லாதும்மா. எனக்குப் பசிக்குது. நீயும் வந்து உக்காரு."

முறைத்தாள். அப்புறம் அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நம் ஊரில் வழியில் பார்க்கிறவர்கள்கூட "சாப்ட்டியா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்ல எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. இன்றைக்கும் "ஆச்சு" என்று சொல்லும்போதெல்லாம், அது நிஜம் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருக்கிறது.