சுக்கும் மிளகும் போட்ட பியர்

என் அண்ணன் குடித்துக் குடித்தே இறந்தார். கேட்பவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வந்தோம். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வண்டியை நிறுத்தியதும் நேராக ஒயின் ஷாப்புக்குப் போவார். அங்கிருந்து யாராவது கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பல நாள் அந்த யாராவது நான்தான். நாற்பத்திரண்டு வயதில் வயிறு வீங்கி, மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து போனார்.

அப்போது அவர் மகளுக்குப் பதினோரு வயது. அண்ணி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலைக்குப் போனார். அடுத்த தெருவில் என் குடும்பம். நூலக வேலை முடிந்து வரும்போது அவர்கள் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். நான் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெண் நன்றாகப் படித்தாள். ஏனாத்தூரில் கல்லூரி, பயோடெக்னாலஜி. பிறகு பெங்களூரில் வேலை. ஃபுட் கம்பெனி, குவாலிட்டி பார்க்கிற வேலை என்று சொன்னாள். ஐந்து வருடம் நாங்கள் அதையே நம்பிக்கொண்டிருந்தோம்.

தென்னேரியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது உறவுக்காரப் பையன் ஒருவன் போனை அண்ணியிடம் நீட்டி, "பெரியம்மா, இது நம்ம அக்காதானே?" என்றான். வீடியோவில் அவள்தான். ரப்பர் பூட்ஸ் போட்டு, தலையில் வலை கட்டி, ஆள் உயர ஸ்டீல் தொட்டியின் மூடியைத் திறந்துகொண்டு இங்கிலீஷில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். பெங்களூரில் சின்னதாக ஒரு பியர் தயாரிப்புக் கூடம். அங்கே பியர் காய்ச்சுகிறவள் அவள். அண்ணி முழுவதையும் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலையை மூடினார்.

அன்று மாலை அவளுக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உங்கப்பன் எத குடிச்சி செத்தாரோ அதையே நீ காய்ச்சிக்கினு கீறியா?"

"அம்மா, அது வேற, இது வேற. நான் சொல்றத கொஞ்சம் கேளுமா."

அண்ணி கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார். அதன்பின் நாலு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாலு மாதமும் அவள் எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாள். சித்தப்பா, நீங்களாவது பேசுங்க என்று. நானும் பேசவில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்த அண்ணனைத் தூக்கியவன் நான், எனக்கில்லாத கோபமா என்று நினைத்துக்கொண்டேன். தூக்கி வந்து போட்ட பிறகு வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்தவர்கள் அண்ணியும் அந்தக் குழந்தையும்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அண்ணனுக்குத் திதி கொடுத்து முடித்த அன்று அண்ணி சொன்னார்: "தம்பி, பெங்களூருக்குப் போயிட்டு வரலாமாபா?"

"அவகிட்ட சொல்லிடட்டுமா அண்ணி?"

"வாணாம். சொன்னா எல்லாத்தையும் தொடச்சி ஒழுங்கு பண்ணி வச்சிக்கினு காமிப்பா. அவ என்னா செய்றான்னு நான் பாக்கணும். எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சிக்கணும்."

"எது எப்படி இருக்குதுன்னு?"

"அதான்பா. அவ செய்றது."

அவள் காய்ச்சும் பியரைத்தான் அண்ணி சொல்கிறார் என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினோம். வேலூர், கிருஷ்ணகிரி தாண்டி மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அண்ணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கூடம் பழைய கிடங்கு ஒன்றில் இருந்தது. வாசல் காவலாளி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பாட்டு ஹோட்டல் அடுத்த தெருவில் என்று கை காட்டினார். அண்ணி அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

உள்ளே ஒரு பக்கம் மேசை நாற்காலிகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த ஸ்டீல் தொட்டிகள். சின்ன வயதுக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் தள்ளாடவில்லை. அதை நான் கவனித்தேன், அண்ணியும் கவனித்திருப்பார். பரிமாறுகிறவர் தர்மபுரிக்காரர், தமிழ் பேசினார்.

அண்ணி கேட்டார்: "காஞ்சிபுரத்துப் பொண்ணு ஒண்ணு இங்க பியர் செய்யுதாமே, அது இருக்குதா?"

அவர் முகம் மலர்ந்தது. "அக்கா போடறதா? சுக்கு, மிளகு, சீரகம் போட்டு ஒண்ணு செய்வாங்க. உங்க ஊர் கோயில் இட்லில போடுவாங்களே, அந்தச் சாமான்தான். கொஞ்சமாத்தான் போடுவாங்கம்மா. வெள்ளிக்கிழமை திறந்தோம், நேத்தே காலி. அக்காவுக்கும் இன்னிக்கு லீவு."

அண்ணியின் முகம் வாடிவிட்டது. நான் வேறு ஏதாவது அவள் செய்தது உண்டா என்று கேட்டேன். கேழ்வரகில் செய்தது ஒன்று, நாவல்பழம் போட்டது ஒன்று என்று அவர் அடுக்கினார். அண்ணி தலையை ஆட்டினார். "எனக்கு அந்த சுக்கு போட்டதுதான் வேணும்."

எதற்கு அந்தப் பிடிவாதம் என்று அப்போது நான் கேட்கவில்லை. வீட்டு அடுப்பங்கரையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு போனது அது ஒன்றுதான் என்று அண்ணிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நகரத்தின் இன்னொரு கோடியில் இவர்களுக்கே இன்னொரு கடை உண்டு என்றும், அங்கே ஒரு பீப்பாய் அனுப்பினோம், கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்றும் அந்தத் தர்மபுரிக்காரர் சொன்னார். ஆட்டோ பிடித்தோம். நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போனால் கதவு சாத்தியிருந்தது. நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். எதிரே ஒரு சின்னப் பூங்கா. அண்ணி கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டோம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மதுக்கடை திறப்பதற்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

நாலு மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாக நாங்கள் போனோம். இரண்டு கிளாஸ் தேறும் என்றார்கள். ஒன்று போதும் என்றார் அண்ணி.

கலங்கலாக, இளமஞ்சளாக இருந்தது. மேலே விரலளவு நுரை. நான் முதலில் குடித்துப் பார்க்கிறேன் என்றேன். என் ஐம்பத்தைந்து வயதில் அதுதான் முதல் வாய். நன்றாகப் புளித்த தோசை மாவின் புளிப்பு முதலில் வந்தது. பிறகு சீரகம். விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கும் மிளகும் காரமாக ஏறின. கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அண்ணி கிளாஸை இரண்டு கையாலும் எடுத்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். குடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மோந்தபடியே வெகுநேரம் இருந்தார். நுரை அடங்கிவிட்டது.

"இதுல அவரு வாசன இல்லபா," என்றார்.

பதினேழு வருடம் ஆயிற்று அண்ணன் போய். அந்த நாற்றம் இன்னும் அண்ணியின் மூக்கில் இருந்திருக்கிறது. அதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். மகள் கையிலும் அது ஏறிவிட்டதா என்று பார்ப்பதற்கு. அப்புறம் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். முதல் இடத்தில் பார்த்த தர்மபுரிக்காரர் போன் செய்திருக்கிறார், உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் உங்க பியரைத் தேடிக்கினு அலையறாங்க என்று. வேகமாக வந்தவள் மேசைக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டாள். மெலிந்திருந்தாள். தாய் கையில் கிளாஸ் இருப்பதைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது.

"மொளகு தூக்கலா இருக்குது," என்றார் அண்ணி.

"அடுத்த தடவ கொறச்சிடறேம்மா."

"உக்காரு."

உட்கார்ந்தாள். அப்புறம் அண்ணி கேட்டார்: "உங்கப்பன நெனச்சிக்கினுதான் இந்த வேலைக்கு வந்தியா?"

"இல்லம்மா. எனக்கு ஈஸ்ட், இதப் புளிக்க வைக்கிற கிருமி, அது புடிச்சிருந்துச்சு. காலேஜ்ல அத மைக்ராஸ்கோப்ல பாத்த நாள்லேர்ந்து புடிச்சிருந்துச்சு. நான் எது செஞ்சாலும் அப்பாவ இழுக்காதீங்கமா."

"நீ குடிக்கிறியா?"

"ருசி பாக்கறதுக்குக் குடிப்பேன். சில நாள் ஃப்ரெண்ட்ஸோட ஒரு கிளாஸ். பொய் சொல்ல மாட்டேன்."

அண்ணி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்ட கேள்வியை என்னால் மறக்க முடியவில்லை. "உங்கப்பன மாரி ஒருத்தன் வந்து இங்க உக்காந்தா, குடுப்பீங்களா?"

அவள் மேசையைப் பார்த்தாள். எதிர்பார்த்த கேள்விதான் என்று தோன்றியது. மேசையில் கிளாஸ் பதிந்த ஈர வளையத்தை விரலால் துடைத்தபடி சொன்னாள். "குடுப்பாங்கம்மா. நான் உள்ள தொட்டிகிட்ட இருக்கேன். யாரு வந்து உக்காந்தாங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னாவது சொன்னியே," என்றார் அண்ணி. கிளாஸில் பாதி மிச்சம் இருந்தது. அதை மகள் பக்கம் நகர்த்தினார். அவள் குடிக்கவில்லை.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நாலு மாதம் பதில் போடாததற்கு. "பரவால்ல சித்தப்பா" என்றாள். பரவாயில்லை என்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அன்று ராத்திரி அவள் அறையில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பினோம். அண்ணி சமாதானமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஒயின் ஷாப் இருக்கும் தெருவில் இப்போதும் அவர் நடப்பதில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் போனில் பேசுகிறார்கள். வேலையைப் பற்றிப் பேசுவதில்லை.

போன தை மாதத்தில் உத்திரமேரூரிலிருந்து பெண் பார்க்கும் விஷயமாகப் பேச இரண்டு பேர் வந்தார்கள். பொண்ணு என்ன வேலை என்று கேட்டார்கள். நான் ஃபுட் கம்பெனி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி, "பியர் செய்ற எடத்துல அதக் காய்ச்சற வேல. அவதான் அங்க பெரிய பொறுப்பு," என்றார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஜாதகத்தை வாங்காமலே எழுந்து போனார்கள்.

"ஏன் அண்ணி சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மஞ்ச காமாலன்னு சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சிப்போச்சுபா," என்றார்.

அடுத்த மாதம் வேறொரு வரன் வந்தது. அவர்களுக்கு வேலை ஒரு பிரச்சினையாக இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு, அவள்தான் வேண்டாம் என்றாள்.