முட்டிக்குப் பின்னால் ஒரு தழும்பு

என் கணவருக்கு வலது முட்டிக்குப் பின்னால் பெரிய தழும்பு. சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டி வெந்த இடம். ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே வேட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டார்.

"இத்தப் பாத்துக்க. அப்பால எனுக்குத் தெரியாதுன்னு சொல்லாத."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் மூட்டை இறக்குவது அவர் வேலை. குனிந்து நிமிரும்போது தழும்பு இழுத்து வெடிக்கும். எண்ணெய் தடவுவேன், ஆறும். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயத்தில் வந்த வெடிப்பு மட்டும் ஆறவில்லை. ஓரம் தடித்து, தொட்டாலே ரத்தம் கசிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்யா."

"சும்மா கெட மே. பேண்ட்டு ஒரசுது, அவ்ளோதான்."

நான் சோறு போட்டேன், பேசவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தவர், "புண்ணக்கூடத் தாங்கிக்கலாம், ஒன் மூஞ்சிதான் பேஜாரா கீது" என்று தானே கிளம்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் துளி சதை வெட்டிச் சோதித்தார்கள். தோலில் புற்று. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் டாக்டரம்மாவிடம் கேட்டார்:

"நாள் பூரா வெயில்ல நிக்கிறேன். மூஞ்சில வராம, வெயிலே படாத எடத்துல ஏம்மா வந்துச்சு?"

"உடம்பு பூரா தோல் ஒரே மாதிரி இல்லைங்க. தழும்புக்கு அடியில இறுகிப்போய் நார் நாரா இருக்கும். ரத்த ஓட்டம் கம்மி, நெகிழ்ந்து கொடுக்காது. கால மடக்குறப்பல்லாம் விரியுது, ஆறுது, மறுபடி விரியுது. ஓயாம ஆறிக்கிட்டே இருக்கிற இடத்துல, பல வருஷம் கழிச்சு செல்லுங்க கட்டுக்கடங்காம வளர ஆரம்பிச்சுடும். புத்து வரணும்னா மேல இருக்குற தோல் மட்டுமில்ல, அது உக்காந்திருக்குற இடமும் கெட்டிருக்கணும்."

தழும்போடு சேர்த்து அகலமாக வெட்டியெடுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். வேறெங்கும் பரவவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரரிடம், "பழைய டயருக்கு ஒட்டுப் போட்டுக்கீறாங்க நைனா" என்று சொல்லிச் சிரித்தார். இரவில் மட்டும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே தூங்கினார்.

வீட்டுக்கு வந்தும் வெகுநாள் கால் மடங்கவில்லை. தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை உட்கார்ந்து சாப்பிட்ட ஸ்டூலை ஒதுக்கிவிட்டு மெல்லத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கியது.

"இன்னா மே பாத்துனுகீற? மீன் கொயம்பு ஊத்து."

ஊற்றினேன்.