காரணம் என்ற கட்டம்

மார்கழிக் காலையொன்றில் அவருடைய விரல் அந்தப் பதிவேட்டின் மேல் மெல்ல இறங்கி வந்தது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. தேதி, மின்சாரம் போன நேரம், இடம், காரணம், திரும்ப வந்த நேரம் என்று ஐந்து கட்டங்கள். நான்காவது கட்டத்தில்தான் விரல் தங்கித் தங்கி வந்தது. மரக்கிளை உரசியது. மரக்கிளை உரசியது. மரக்கிளை உரசியது. எல்லாம் என் கையெழுத்து. ஜன்னலுக்கு வெளியே பனி விலகவில்லை. மின்கம்பங்கள் இடுப்புக்கு மேல் கரைந்துபோய் நின்றன. விரல் ஒரு வரியில் நின்றது.

“சார், விடியக்காலை அஞ்சே முக்காலுக்கு, காத்தே இல்லாத நாள்ல, கிளை எப்படி வந்து உரசும்?”

“பனி பாரம் மேடம். எலையெல்லாம் ஈரத்துல தொங்கிரும்” என்றேன்.

அவர் நம்பினார். மெதுவாகத் தலையாட்டி, அதைத் தன் நோட்டில் குறித்தும் கொண்டார்.

கீரனூருக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருந்த எங்கள் மின்சாரப் பிரிவு அலுவலகத்துக்கு அவர் உதவிப் பொறியாளர். தினமும் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட வயதில் மிக இளையவர். நான் பதிவேடுகளைப் பராமரிக்கும் எழுத்தர். ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாகவே இருந்தது. தேதிகளின் மேல் எனக்கு ஒரு பித்து உண்டு. வேம்பு பூத்த நாள், கண்மாய் நிரம்பிய நாள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த நாள் எல்லாவற்றையும் வீட்டில் தனி நாட்குறிப்பில் எழுதிவைப்பேன். அந்தப் பழக்கத்தால் அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது: இவர் எழுதினால் சரியாக இருக்கும்.

மரத்துக்கும் மண்ணுக்கும் உயிர்களுக்கும் அலுவலகத்தால் ஆகும் சேதத்தைக் குறைக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பக்கத்துப் பிரிவுகளில் இரண்டு வரி பதில் எழுதிக் கோப்பில் கட்டிவிட்டார்கள். எங்கள் பொறியாளர் அப்படிச் செய்யவில்லை. மின்மாற்றியில் எண்ணெய் மாற்றும்போது மண்ணில் ஒரு சொட்டு சிந்தக்கூடாது என்று அடியில் தார்ப்பாய் விரிக்க வைத்தார். கிளை வெட்டப் போகிறவர்கள் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கம்பியை நோக்கி வளர்ந்த கிளையை மட்டுமே கழிக்க வேண்டும் என்றார். மொட்டையடிக்கும் வழக்கம் அத்தோடு நின்றது. வெட்டும் ஆட்கள் முணுமுணுத்தார்கள். “மரத்துக்கு முடி வெட்டிவிடச் சொல்றாக மேடம். கிருதாவும் வைக்கணுமாம்” என்று வயர்மேன் சிரித்தார். ஆனால் செய்தார்.

கண்மாய்க்குப் போகும் சாலையில் ஏழு இலுப்பை மரங்கள் இருந்தன. அவற்றின் முடிவில் ஒரு மின்மாற்றி. பங்குனியில் அந்த வழியாகப் போனால் பூவின் இனிப்பு வாசனையில் சைக்கிள் தானாகவே மெதுவாகிவிடும். அந்தியில் மயில்கள் ஒவ்வொன்றாக வந்து கிளைகளில் ஏறும். இருட்டில் அவற்றின் தோகைகள் மரத்திலிருந்து ஒழுகும் நீர்போலத் தொங்கும். விடியலில் இறங்கும்போது சில, மின்மாற்றிமேல் ஒரு கணம் உட்காரும். இறக்கை இரண்டு கம்பிகளைத் தொட்டுவிட்டால் ஊர் முழுவதும் மின்சாரம் போய்விடும். மயில் கீழே கிடக்கும்.

முதல் முறை அப்படி ஆனபோது ‘மயில்’ என்றுதான் எழுதினேன். தேசியப் பறவை என்பதால் வனத்துறையிலிருந்து விசாரணை வந்தது. வாக்குமூலம் கொடுக்க வயர்மேன் மூன்று நாள் அலைந்தார். அடுத்த முறை அவர் என் மேசையருகே வந்து நின்றார். “அண்ணே, கிளைன்னு போட்டுவிடுங்கண்ணே. செத்தது திரும்பியா வரப்போகுது?” எழுதினேன். மயிலை ஒரு துண்டில் பொதிந்து, நெற்றியில் திருநீறு வைத்து, இலுப்பையடியில் புதைத்துவிட்டு வந்தவர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். “ஒங்க கையெழுத்துக்கு பொய்கூட அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே” என்றார். நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டு நாட்குறிப்பில் ‘மயில், ஆண், காலை 5.45’ என்று எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதினேன்.

மாசியில் மேலிடத்திலிருந்து பொறியாளருக்குக் கடிதம் வந்தது. கிளையை மட்டும் கழிக்கும் முறை பலிக்கவில்லை. பதிவேட்டின்படி கண்மாய்ச் சாலையில் கிளை உரசல் குறையவே இல்லை. ஏழு மரங்களையும் அகற்றவும். அவர் அதை இரண்டு முறை படித்தார். “நம்ம கழிச்சது பத்தல போல சார்” என்றார், தன்மேலேயே குறை சொல்கிற குரலில். நான் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

மரம் வெட்ட அனுமதி வந்து, பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் பங்குனி வியாழக்கிழமையில் நாள் குறித்தார்கள். புதன்கிழமை என் நாட்குறிப்புகளைப் பையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மாலையில் அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். ஓய்வூதியக் காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. “சும்மா இருங்கண்ணே, எழுதுனத மாத்துனா ஒங்களுக்கே வெனை” என்று வயர்மேனும் சொல்லியிருந்தார்.

வியாழனன்று காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றபோது தரை லேசாக அதிர்ந்ததாகத் தோன்றியது. மறுபடி ஓடியது. பையை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மரங்கள் பூவோடு கிடந்தன. வெட்டியவர்களின் தலையிலும் தோளிலும் பூ.

மூன்றாவது மரத்தின் நிழலில் நின்று பொறியாளர் என் நாட்குறிப்பைப் படித்தார். பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“ரெண்டுலயும் ஒங்க கையெழுத்துதான் சார். எத நான் நம்பறது?”

“வீட்ல எழுதுனது, மேடம்.”

அவர் கையை உயர்த்தினார். ரம்பம் நின்றது. வயர்மேன் தானாகவே முன்னால் வந்தார். “அண்ணனச் சொல்லாதீங்க மேடம். நாந்தான் எழுதச் சொன்னேன்.” கடப்பாரையால் மரத்தடியைக் கிளறினார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பீலி வந்தது. நிறம் மங்கி, கண் மட்டும் நீலமாக. பொறியாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஒங்க கையாலயே எழுதிக் குடுங்க சார். தேதி, நேரம் எல்லாத்தோடயும்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

எழுதிக் கொடுத்தேன். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, ஓய்வூதியமும் தாமதமானது. அது நியாயம்தான். உத்தரவை நிறுத்தியதற்காக அவரையும் திருச்சிக்கு அழைத்துக் கேட்டார்கள். அங்கே என்ன பேசினாரோ, வைகாசியில், இறக்கை பட்டாலும் மின்சாரம் பாயாதபடி கம்பிகளுக்கு மாட்டும் ரப்பர் உறைகள் வந்து சேர்ந்தன. இப்போது அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். கண்மாய்ச் சாலையில் ஐந்து இலுப்பைகள் பூக்கின்றன. அந்த இடைவெளியைக் கடக்கும்போது மட்டும் எனக்குச் சைக்கிளை வேகமாக மிதிக்கத் தோன்றும்.

உறைகள் மாட்டிய அன்று அந்தியில் வயர்மேனும் அவரும் நானும் அங்கேயே நின்றோம். வானம் செம்மண் கரைத்த நீர்போல இருந்தது. வயலிலிருந்து ஒரு ஆண் மயில் எழுந்தது. மரம் இல்லாத அந்த இடத்துக்கு நேராகப் பறந்து வந்து, பழைய கிளையின் உயரத்தில் ஒரு கணம் காலை நீட்டித் தடுமாறியது. பிறகு திரும்பி மின்மாற்றியின் மேல் போய் உட்கார்ந்து, இறக்கையை அகல விரித்து மெதுவாக மடித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அதுக்குப் பழைய எடம் மறக்கல சார்” என்றார் அவர்.

சாலையோர வீடொன்றில் யாரோ மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது.