தேள் என்றதும் சப்பாத்தைத் தட்டியவர்

கடைசி அறைக்கு ஒரு லோர்ட் வருகிறார் என்று ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் கூட்டத்தில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. முதியோர் பராமரிப்பு வேலையில் ஜெனரல், நாடகராணி, பேராசிரியர் என்று சொல்லிக்கொண்ட எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். பாதிப்பேர் தபாற்கந்தோரில் வேலை செய்தவர்கள். பிரித்தானியப் பிரபு ஒருவர் ஜெர்மனியின் பான் நகரத்தில், எங்கள் இல்லத்தில், சூப்புக்கு உப்புக் காணாது என்று சொல்லிக்கொண்டு கிடப்பாரா?

ஆனால் அவர் அறைச் சுவரில் அவருடைய படம் இருந்தது. வெள்ளை உடுப்பு, இறகு வைத்த தொப்பி, பின்னால் குடை பிடித்தபடி ஒரு சேவகன். அவருடைய மகள் கதை சொன்னார். பிரபு குடும்பத்தில் இளைய பிள்ளையாம். குடியேற்ற நாடுகளில் அரசாங்க உத்தியோகம், கடைசியில் ஏதோ ஒரு தீவுக்குக் கவர்னர். அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்ததால் பட்டம் இவருக்கு வந்தது. பான் தலைநகராக இருந்தபோது தூதரகத்துக்கு வந்தவர், ஒரு ஜெர்மன் பெண்ணைக் கட்டி இங்கேயே நின்றுவிட்டார். எந்தெந்த நாடுகளில் இருந்தார் என்று கேட்டேன். "எல்லா இடமும்" என்றார் மகள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

என்னோடு வேலை செய்தவள் மன்னார் ஜெசிந்தா. வாய் ஓயாது. நாங்கள் இருவரும் அவருக்கு வைத்த பெயர் 'துரை'. அவருக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் தமிழில் கதைப்போம். யாருக்கு விளங்கப்போகிறது?

ஒருநாள் கட்டில் விரிப்பு மாற்றும்போது ஜெசிந்தா சொன்னாள். "பாவம் அண்ணை, துரை. புற்றுநோய் ஈரல் முழுக்கப் பரவிட்டுதாம். வாற நத்தார்ப் பண்டிகையைக் காணமாட்டாராம். அவருக்கு இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாதெண்டு மகள் டொக்டரிட்டச் சொல்லி வச்சிருக்கிறா."

துரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் கம்பளியை இறுக்கிப் பிடித்ததைக் கண்டேன்.

எனக்கு நித்திரை கெட்டது. இந்த மனிதருக்குத் தமிழ் தெரியுமா? தெரிந்து, விஷயம் மகளின் காதுக்குப் போனால் ஜெசிந்தாவின் வேலை போய்விடும். பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். என் சந்தேகத்தைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"உங்களுக்கு எதிலயும் சந்தேகம்தான் அண்ணை. வெள்ளைக்காரனுக்கு எங்கட பாஷை விளங்குமே?"

சோதித்துப் பார்த்தேன். அவரை உலாவக் கூட்டிப் போகச் சப்பாத்தை எடுத்து வைத்தேன். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் தமிழில் சொன்னேன். "துரை, சப்பாத்துக்குள்ள தேள் கிடக்குது."

அவர் குனிந்தார். சப்பாத்தைக் கவிழ்த்து நிலத்தில் டொக் டொக்கென்று தட்டினார். ஜெர்மனியில் யாரும் சப்பாத்தைத் தட்டிப் போடுவதில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாழ்ப்பாணக் கச்சேரி" என்றார் தமிழில். அரசாங்க அதிபரின் கந்தோரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "அப்ப நான் பெடியன். தமிழ்ச் சோதினை பாஸ் பண்ணாட்டி உத்தியோகம் இல்லை."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எங்கள் வீட்டுச் சண்டை, ஊர்வம்பு எல்லாவற்றையும் மாதக்கணக்காக ஒட்டுக்கேட்டிருக்கிறார். ஆண்ட புத்தி போகவில்லை என்று நினைத்தேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் கதைக்கமாட்டியள். இங்க வேற ஆரும் எனக்கு உண்மை சொல்லுறேல்லை."

"அப்ப அண்டைக்கு ஜெசிந்தா சொன்னது..."

"ஓம். நத்தார்." சப்பாத்துக்குள் காலை விட்டார். "மகளுக்குச் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தான் அவ சிரிச்சுக்கொண்டு வாறா."

பின்னேரம் மகள் கேக்கோடு வந்து, எப்படி இருக்கிறீர்கள் அப்பா என்று கேட்டார். "வுண்டர்பார்" என்றார் துரை, அருமையாக இருக்கிறேன் என்று ஜெர்மன் மொழியில். நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு விதி ஒன்றுண்டு. கட்டிலில் கிடப்பவருக்கு மேலால் எந்த மொழியிலும் கதைக்கக்கூடாது. நானே பலருக்கு அதைப் படிப்பித்திருக்கிறேன். ஜெசிந்தாவுக்கு மட்டும் சொல்லவில்லை. டொக்டர் வந்து போகும் நாட்களில் துரையின் கட்டிலடியில் நின்று நான்தான் அவளிடம் உரத்துக் கேட்பேன். "பிள்ளை, டொக்டர் என்னவாம் சொன்னவர்?"