என் வாசலில் முட்டிய தண்ணீர்

நாயுடுபுரத்தில் எங்கள் வார்டுக் கூட்டத்தில் அன்று அதிகம் கத்தியவன் நான்தான். "ரோடு போட்டு ஒரு மழை தாங்கலை. வரி மட்டும் கரெக்டா கேக்குறீங்க!" என்றேன். முதலில் கைதட்டியவள், மேட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கீழே, ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் பாத்திமா. மழை பெய்தால் அவள் கடைக்குள்தான் தண்ணீர் புகும்.

நகராட்சிப் பொறியாளர் பதிலுக்குக் கத்தவில்லை. "வாங்க, நடந்தே பாத்துருவோம்" என்று குடையை எடுத்தார். தூறலில் எல்லோரும் மேட்டிலிருந்து இறங்கினோம். சாக்கடையில் ஒழுங்காக ஓடிவந்த தண்ணீர் ஓரிடத்தில் முட்டி, ரோட்டில் ஏறி, தாரை அரித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் பாய்ந்தது. அது முட்டிய இடம், சுற்றுலா வருகிறவர்கள் தங்க என் வீட்டிலேயே நான் நடத்தும் ஹோம்ஸ்டேக்கு வரும் கார்கள் ஏறுவதற்காகச் சாக்கடையை அடைத்து நான் போட்ட சிமெண்டுச் சரிவு.

பொறியாளர் என்னைப் பார்க்காமல் நோட்டில் குறித்துக்கொண்டார். என் முகம் சுண்டிப்போனது.

"உனக்கு இது தெரியாதாம்மா?" என்று பாத்திமாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரியும்ணே. அதைச் சொல்லி உங்க வாயை அடைச்சிட்டா, ரோடு கேட்டுச் சத்தம் போட இங்க வேற யாரு இருக்கா?" என்று சிரித்தாள்.

மறுநாளே ஆள் வைத்து அதை இடித்தேன். இப்போது கார்கள் கீழேயே நிற்கின்றன. வருகிறவர்கள் அவள் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள். பிறகு போட்ட ரோடு இரண்டு மழைக்காலத்தைத் தாங்கிவிட்டது.

கூட்டத்தில் இன்றும் கத்துகிறேன். கிளம்புமுன் என் வாசலை மட்டும் ஒருமுறை நின்று பார்த்துக்கொள்கிறேன்.