தெய்வம்மா பூசிய சுவர்

தேயிலைக்குள் கரடி எதிரே வந்தாலும் நின்று பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறவள் தெய்வம்மா. ஆனால் வீட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றால் போதும், அவள் பயந்து ஒடுங்கிவிடுவாள். அந்தப் பயம் இலங்கையிலிருந்து கூடவே கப்பலேறி வந்தது. அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது, தோட்டத்தை நடத்திய துரை, தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தைப் பார்வையிட வருவார். வாசலில் குப்பை கிடந்தால் ஏச்சு, அடுப்பில் சாம்பல் கிடந்தால் ஏச்சு. ஒருமுறை அவர்கள் குடியிருந்த காம்பராவில், லயத்தின் அந்த ஒற்றை அறையில், சுவர் பெயர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. மழை போட்ட ஓட்டை. துரையோ அவள் அப்பன்தான் இடித்தான் என்றார். மறுநாளே அப்பனுக்கு வேலை போயிற்று. சட்டிபானையோடு குடும்பம் ரோட்டுக்கு வந்தது. சூடு கண்ட பூனைக்கு அடுப்பைப் பற்றி யார் என்ன பாடம் சொல்ல முடியும்?

இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு இவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய பிறகு, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவளுக்கும் புருஷன் ராஜரத்தினத்துக்கும் வேலை கிடைத்தது. வேலைதான் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. தங்களைப் போல வந்தவர்களோடு சேர்ந்து சரிவில் மண்ணை வெட்டி, ஆளுக்கொரு மண்வீடு எழுப்பிக்கொண்டார்கள். பட்டா கிடையாது.

ஒரு ஐப்பசி மழையில் பின்சுவர் வெடித்தது. கை நுழையும் விரிசல். சுவருக்குப் பின்னால் மண்மேடு ஊறிப்போய் நின்றது. மற்ற வீடுகளுக்கும் அதே கதிதான். காலனித் தலைவர் வடிவேல் நாயாய் அலைந்து தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தார். அதிகாரி ஒருவர் வந்து வீடுகளைப் பார்ப்பார், இடியும் நிலையில் இருப்பவற்றுக்கு மட்டும் மேலே சமதளத்தில் ஏற்கெனவே கட்டியிருந்த அரசு வீடு தருவார்கள் என்று முடிவாயிற்று. எதையும் தொடாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று வடிவேல் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தெய்வம்மா கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. இடிந்த சுவரைப் பார்த்துவிட்டு வீடு கொடுக்கிற அதிகாரியை அவள் எந்தச் சீமையிலும் கண்டதில்லை. பட்டா இல்லாத இடத்தில் குடியிருந்துகொண்டு சுவரையும் வெடிக்கவிட்டால், இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு விரட்டமாட்டார்களா? மழை விட்டிருந்த நாளாகப் பார்த்துச் செம்மண் குழைத்தாள். புல்லை நறுக்கிப் போட்டு மிதித்தாள். ராஜரத்தினம் தலையில் அடித்துக்கொண்டான். அவள் காதில் ஏறவில்லை. விரிசலை அடைத்துப் பூசி, காயட்டும் என்று சுவரோரம் தீ மூட்டி, மேலே சுண்ணாம்பும் அடித்தாள். அடுப்புச் சாம்பலைக்கூட அள்ளிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம். பாவி மகள், மறைத்தும் விட்டாள்.

வந்த அதிகாரி கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷர். குனிந்து உள்ளே வந்து பின்சுவரைத் தட்டிப் பார்த்தார். ராஜரத்தினம் வாயைத் திறந்தான். தெய்வம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"செவரு நல்லா இருக்குதுங்க ஐயா. ஒரு கொறையும் இல்லீங்க."

"பாத்தாலே தெரியுதுங்கம்மா. இந்தக் காலனில ஊடு மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார் அவர்.

அதுவரை எந்த அதிகாரியும் அவளை மெச்சியதில்லை. அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த மாதம் மற்றவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு மேலே போனார்கள். இவர்களுக்கு மட்டும் வீடு இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ராஜரத்தினம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வடிவேலோடு தாலுகா ஆபீசுக்குப் போய், வந்து பாருங்கள், பூச்சைச் சுரண்டிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினாள். நல்ல சுவரை நீயே இடித்துவிட்டு வீடு கேட்கப் பார்க்கிறாயா என்று குமாஸ்தா சிரித்தார். மழை முடியட்டும், மறுபடி ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

மழை முடியவில்லை. ராஜரத்தினம் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மத்தியானம், பின்னாலிருந்த மண்மேடு சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்குச் சத்தம் கேட்டது. கூடையை எறிந்துவிட்டு ஓடினாள். மேலே குடிபோனவர்கள் எல்லோரும் இறங்கி வந்து தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அவனை எடுத்தார்கள். உயிர் இல்லை.

மறுநாள் அதே அதிகாரி வந்தார். பூச்சுக்கு அடியில் விரிசல் இருந்த கதையை வடிவேல் சொன்னார். அதிகாரிக்கு முகம் கறுத்துவிட்டது. மண்குவியலோரம் உட்கார்ந்திருந்த தெய்வம்மாவிடம் வந்தார்.

"ஏனுங்கம்மா, அன்னிக்கே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"ஏசுவீங்கன்னு பயந்துட்டேங்க."

"ஏசறதுக்கா நான் வந்தேன்?"

அவள் தலை நிமிரவில்லை.

"எங்க வீட்டப் பாக்க வந்தவங்க யாரும் வேற எதுக்கும் வந்ததில்லீங்களே" என்றாள்.