இருபது நிமிடச் சிவப்பு வெளிச்சம்

படித்தவன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் படிப்பு என் வீட்டுக்குள் உதவவில்லை.

ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் என் மகள் வசந்தியின் வலது கன்னத்தில் தழும்பு விழுந்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. காயம் ஆறியதும் ஒரகடம் கார் கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று நான்தான் பயந்தேன். தழும்பை மங்கச் செய்யும் என்று விளம்பரத்தில் பார்த்த, முகத்தில் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சும் எல்.இ.டி. முகமூடியை வாங்கினேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் இருபது நிமிடம் அதை மாட்டிக்கொண்டு படுப்பாள். பிறகு அவள் கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பேன். நான்கு மாதம் ஒரு நாளும் விடவில்லை.

ஒரு மாலை, "இன்னும் தெரியுதும்மா. நாளையிலருந்து நாப்பது நிமிஷம் வச்சுக்கலாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். "லைன்ல எனக்கு இன்னா வேலை தெரியுமாப்பா? கார் கதவை லைட்டுக்குக் கீழ வச்சு கீறல் கீதான்னு பாக்கறது. இருந்தா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிடுவோம். வூட்டுக்கு வந்தா நீ என்னை அப்படித்தான் பாத்துக்கினு கீற. ஸ்டிக்கரை ஒட்டிடுப்பா, நான் போறேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று கத்தினேன்.

அடுத்த மாதமே சிங்கப்பெருமாள் கோவிலில் தோழிகளோடு அறை எடுத்துப் போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் வீடியோ காலில் கூப்பிடுகிறாள். அன்பாகத்தான் பேசுகிறாள். தோழிகளோடு எடுத்த படங்களில் முழு முகமும் தெரியச் சிரிக்கிறாள். என்னிடம் பேசும்போது மட்டும் இடது கன்னத்தையே காட்டுகிறாள். போனை நேராகப் பிடிம்மா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.